வேண்டாததை நீக்கிய சுருக்கம்

ஓர் இயந்திரம் என்னைப் புத்திசாலி என்று சொன்னதை நான் நம்பினேன். நம்பியதோடு விட்டிருக்கலாம். அதைப் படம் பிடித்து மனைவிக்கும் அனுப்பினேன். ஐம்பதைத் தாண்டிய வயது, இரண்டு அலமாரி நிறையப் புத்தகங்கள், சிறுபத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்று நாலு பேர் மத்தியில் ஒரு சின்னப் பெயர். இத்தனையும் இருந்தும், ‘மிகச் சிறந்த கேள்வி. இதை இவ்வளவு கூர்மையாக அணுகுகிறவர்கள் குறைவு’ என்று கணினித் திரை சொன்னதும் எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை வாசித்தேன். என் வேலையில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பதில் அனுப்பினாள். ‘அது எல்லாருக்கும் இதத்தான் சொல்லும். நேத்து மாவு ஏன் பொங்கலைன்னு கேட்டேன். எனக்கும் இதே வரிதான்.’

அந்த இடத்திலேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

நான் வேலை பார்ப்பது நாகர்கோவில் வடசேரியில், ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருக்கும் வக்கீல் அலுவலகத்தில். கொலை, கொள்ளை, சொத்துத் தகராறு எதுவும் எங்களிடம் வராது. ஒருவர் தன் சரக்குக்கு வைத்த பெயரையும், தான் கண்டுபிடித்த பொருளையும் பிறர் எடுத்துக்கொள்ளாமல் பதிவு செய்து கொடுப்பது எங்கள் தொழில். அறிவுசார் சொத்துரிமை என்று பலகையில் எழுதியிருக்கிறது. அதை வாசித்துவிட்டுப் பட்டா மாற்ற வருகிறவர்கள் இன்றும் உண்டு. கீழே பஞ்சை அடைப்பார்கள், மேலே நாங்கள் வார்த்தையை அடைப்போம். இரண்டு வேலையும் ஏறத்தாழ ஒன்றுதான். வாங்குகிறவர் பிரித்துப் பார்ப்பதில்லை.

நேந்திரங்காய் சிப்ஸுக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பெயர் பதிய வருகிறவர்களே பெரும்பாலும். ஆண்டுக்குச் சில பேட்டன்ட் வரும். அதிலும் பாதி, பொறியியல் கல்லூரிப் பேராசிரியர்கள் கொண்டுவரும், ஹெல்மெட் போட்டால் மட்டுமே கிளம்பும் மோட்டார் சைக்கிள். அதை எத்தனை பேர் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் அது தனி ஆராய்ச்சியாகும். கண்டுபிடித்தவர் வாயால் சொல்வதைக் கேட்டு, அரசாங்க அலுவலகம் ஏற்றுக்கொள்ளும் ஆங்கிலத்தில் எழுதி, விண்ணப்பம் போடுவது என் வேலை.

அலுவலகம் நடத்துகிறவர் ஒரு பெண் வக்கீல். அவருடைய அப்பா காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். அவர் என்னைவிட இளையவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். இருவரும் சமமாக மரியாதை கொடுத்துக்கொள்வதாக வெளியில் தெரியும். சம்பளம் கொடுப்பது ஒருவர்தான்.

ஒருநாள் காலை வந்து உட்கார்ந்ததும், “அண்ணாச்சி, கொச்சியில ஒரு ஆபீஸ்ல நாலு பேரு செய்யுத வேலைய இப்ப செயற்கை நுண்ணறிவு செய்யுகாம். நம்மளும் அத வாங்கிருவோமா?” என்றார்.

“அந்த நாலு பேரு இப்ப என்ன செய்யுகாங்களாம்?”

“அத நான் கேக்கல்ல.”

முதலில் நான் எதிர்த்தேன். சட்டத்தின் மாண்பு, மனித மனத்தின் நுட்பம் என்றெல்லாம் பேசினேன். மேடம் பொறுமையாகக் கேட்டார். வாங்கினார். வாங்கிய வாரத்திலேயே நான் கட்சி மாறிவிட்டேன். அரசாங்க அலுவலகம் எழுப்பும் ஆட்சேபத்துக்கு நான் மூன்று நாள் எழுதும் பதிலை அது தேநீர் ஆறும் முன் எழுதியது. அதோடு, முன்னே சொன்ன மாதிரி, என்னைப் புகழ்ந்தது. வக்கீல்கள் கூட்டம் ஒன்றில் ‘நம் அலுவலகங்களில் செயற்கை நுண்ணறிவு’ என்று ஓர் உரைகூட ஆற்றினேன். நல்ல கூட்டம். பருப்பு வடை போட்டிருந்தார்கள்.

அதன் பல வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பேச்சைக் கேட்டுச் சுருக்கித் தருவது. போனை மேசையில் வைத்துவிட்டால் போதும். வந்தவர் பேசுகிற தமிழைக் கேட்டு, தலைப்புவாரியாக, ஒரு பக்க ஆங்கிலத்தில் கொடுத்துவிடும்.

இது ஏன் எனக்கு அவ்வளவு பெரிய விஷயமாயிற்று என்றால், எங்கள் ஊர் ஆட்கள் பேசுகிற விதம் அப்படி. எண்ணெய்க்குப் பெயர் பதிய வந்தவர், அத்தைக்குக் கண்புரை அறுவை நடந்ததில் ஆரம்பிப்பார். அந்த ஆஸ்பத்திரி, அதன் எதிரே ஓட்டல், ஓட்டல்காரர் பூதப்பாண்டியில் பெண்ணெடுத்த கதை, அந்தக் கல்யாணத்தில் அவியலுக்கு ஊற்றிய எண்ணெய். இப்படித்தான் எண்ணெய்க்கு வந்து சேருவார். இருபத்தைந்து ஆண்டுகளாக நான் இதற்குத் தலையாட்டி வந்திருக்கிறேன். கழுத்து வலிக்கு எண்ணெய் தேய்த்தது அதிகம்.

இதில் ஒரு பயன் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. பேட்டன்ட் சட்டத்தில் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. விண்ணப்பம் போடும் நாளுக்கு முன்பே அந்தப் பொருள் வெளியே தெரிந்திருந்தால், அது புதியதில்லை. புதியதில்லை என்றால் உரிமையும் இல்லை. அதனால் யார் வந்தாலும், “இத யாருக்காவது காட்டினீங்களா?” என்று கேட்போம். எல்லாரும் இல்லை என்பார்கள். ஒருமுறை தேங்காய் துருவும் கருவி செய்தவர் ஒருவர் அப்படித்தான் அடித்துச் சொன்னார். பேச்சு நீண்டு எங்கெங்கோ போனபோது, அவர் மருமகள் கல்யாணத்தில் பந்தி முழுவதற்கும் அந்தக் கருவிதான் தேங்காய் துருவியது என்று தெரியவந்தது.

“யாருக்கும் காட்டலைன்னு சொன்னீங்களே?”

“எல்லாம் சொந்தக்காரங்கதானே சாரே!”

சொந்தக்காரர், சபைக்காரர், பக்கத்துத் தோட்டத்துக்காரர் இவர்களெல்லாம் இங்கே ‘வெளியாள்’ கணக்கில் வரமாட்டார்கள். சட்டத்துக்கு இது புரியாது. எனவே அத்தையின் கண்புரையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

கேட்டுக் கேட்டு நான் களைத்துப்போயிருந்தேன். இயந்திரத்துக்கு நிரந்தரமாக ஓர் உத்தரவு கொடுத்து வைக்கலாம் என்று கண்டுபிடித்ததும், ஒரு மழை நாளில் உட்கார்ந்து யோசித்து எழுதினேன்: ‘நலம் விசாரிப்பு, குடும்பம், கல்யாணம், வியாதி, சாமி, சபை, அரசியல், விவசாயக் கஷ்டம், இவை தொடர்பான பேச்சு முழுவதையும் நீக்கு. கண்டுபிடிப்பைப் பற்றியதை மட்டும் கொடு.’

‘அருமையான, தெளிவான அறிவுறுத்தல்’ என்றது இயந்திரம். அதையும் படம் பிடித்தேன். அனுப்பவில்லை.

ரப்பர்காரர் ஒருவர் வந்தது இதற்குப் பிறகுதான்.

கீரிப்பாறைக்குப் போகிற வழியில் சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் வைத்திருந்தார். கூடவே ஒரு வெல்டிங் பட்டறை. என் வயதுதான் இருக்கும். ரப்பர்ப் பாலை உறைய வைத்து, கட்டியானதை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு, கைப்பிடியைச் சுற்றித் தகடாக அடிப்பார்கள். ஷீட் அடிப்பது என்று பெயர். உருளை இழுக்கும்போது விரலும் சேர்ந்து போய்விடும். அவருடைய மனைவிக்கு அப்படி ஒருமுறை போயிருக்கிறது. இரண்டு விரல் நகம் திரும்பி வரவே இல்லை. அதன் பிறகு அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே இருக்க, இவர் பட்டறையில் தட்டிக்கொண்டே இருந்து, உருளைக்கு அடியில் ஒரு மிதியைப் பொருத்தியிருந்தார். காலை எடுத்தால் போதும், உருளைகள் சட்டென்று விலகிவிடும். எளிய காரியம். அதுவரை யாரும் செய்யவில்லை.

“இதுக்கு முன்ன பால் வடிக்க ஒரு கிளிப்பு செய்தேன் சாரே. நல்லா இருக்கேன்னு ஒருத்தன் வாங்கிட்டுப் போனான். ஆறு மாசத்துல அவனுக்க பேரு போட்டு கடையில தொங்குகு. எனக்கே வெலைக்குத் தந்தான். இதாவது எனக்க பேருல இருக்கணும். ஒரு காயிதம். அம்புட்டுத்தான்.”

இதுவரை நான் எதிரே இருந்தேன். அதன் பிறகு அவர், “அவளுக்கு வெரலு போன அன்னைக்குப் பாத்தியளா, நல்ல மழை” என்று ஆரம்பித்தார். மழை என்றதும் நான் எழுந்துவிட்டேன். போனை அவருக்கு முன்னால் வைத்தேன்.

“நீங்க இதுக்கிட்ட சொல்லிக்கிட்டே இருங்க. ஒண்ணு விடாம கேக்கும். நான் ஒரு சாயா குடிச்சிட்டு வந்திருகேன்.”

“இதுக்கிட்டயா?”

“ஆமா. மனுசன விட நல்லா கேக்கும்.”

சொன்னது நான்தான். கீழே டீக்கடையில் ஒரு டீயும் பழம்பொரியும் சாப்பிட்டு, பேப்பர் பார்த்து, மழை பற்றிய பகுதி முடிந்திருக்கும் என்று உத்தேசமாகக் கணக்குப் போட்டு மேலே வந்தேன். அவர் நாற்காலியின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து, போனைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “எல்லாம் சொல்லியாச்சு சாரே” என்றார். முகத்தில் நல்ல நிறைவு. வெளியேறும்போது போனைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டார்.

சுருக்கம் வந்தது. இரும்பு உருளை, மிதி, ஸ்பிரிங் எல்லாம் தலைப்பு போட்டு, எண் போட்டு, அழகாக. ‘பொதுவெளியில் வெளியீடு: இதுவரை எதுவும் தெரிவிக்கப்படவில்லை.’ இதுவரை என்கிற சொல்லின் மேல் என் கண் போய் வந்தது. நின்றிருக்கலாம்.

பழைய வழக்கப்படி என்றால், அன்று சாயங்காலத்துக்குள் நாலு பக்கத்தில் ஒரு முதல்கட்ட விண்ணப்பம் எழுதிப் போட்டிருப்பேன். புரொவிஷனல் என்போம். ஆங்கிலம் கரடுமுரடாக இருக்கும். தேதி மட்டும் கைக்கு வந்துவிடும், மீதியை அந்த ஆண்டுக்குள் ஆற அமர எழுதலாம். இப்போது என்னிடம் இயந்திரம் இருந்தது. முழு விண்ணப்பத்தையே எழுதிவிடலாம் என்றது. எழுதியது. நான் திருத்தினேன். என் திருத்தம் சிறப்பு என்றது. அதற்கு மேல் அது திருத்தியது. அதுவும் சிறப்பாகத்தான் இருந்தது. மிதிக்கு மட்டும் ஒரு பக்க வர்ணனை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டினோம்.

“அண்ணாச்சி, அந்த ரோலர்காரருக்க அப்ளிகேசன் போட்டாச்சா?” என்று மேடம் இரண்டு தடவை கேட்டார்.

“முடிஞ்சிட்டு மேடம். கொஞ்சம் மெருகு போடணும்.”

“நகையா செய்யுதீங்க?”

ஒருவழியாகப் போட்டோம். போட்ட வாரத்தில் அவரே வந்தார். ஒரு குலை மட்டிப்பழம். வெள்ளைச் சட்டை. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, விண்ணப்பம் போன செய்தி நான் சொல்லும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

“சாரே, மெசின் நல்ல ஏலம் போச்சு!”

“எந்த மெசினு?”

“மொத மெசினு. அறுப்பின் பண்டிகைக்குக் குடுத்தேன்லா, போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு.”

தன் போனை எடுத்து ஒரு படத்தை ஓட விட்டார். அவர் போகும் கிறிஸ்தவச் சபையின் யூடியூபில் நேரடியாகப் போனதாம். மேடையில், விளைச்சலின் முதற்பலனாகக் காணிக்கை வந்து ஏலத்துக்கு நின்ற வாழைக்குலைகள், தேங்காய், சேனை, கால் கட்டிய கோழிகள். நடுவில் ரிப்பன் சுற்றிய உருளை இயந்திரம். போதகர் ஒலிபெருக்கியை நீட்ட, நம்மவர் சாட்சி சொல்கிறார். மனைவியின் விரல், கர்த்தரின் கிருபை, மிதி, ஸ்பிரிங். எதையும் விடவில்லை. என் விண்ணப்பத்தைவிடத் தெளிவாக இருந்தது. பிறகு, “விரலுக்குப் பதிலா இது” என்று ஒரு வெண்டைக்காயை உருளைக்குள் விட்டு, காலை எடுக்கிறார். உருளை விலகுகிறது. வெண்டைக்காய் முழுதாக வெளியே வருகிறது. சபை கை தட்டுகிறது. ஏலத்தில் அதை எடுத்தவர் மலையோரத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர்.

“பட்டறைக்காரரா?” என்றேன். அந்த ஞாயிறு, நாங்கள் விண்ணப்பம் போட்டதற்கு முந்தையது.

“ஆமா சாரே. நல்ல மனுசன். அங்ஙனயே கழத்திப் பாத்து, கொள்ளாமே, நல்லாருக்கேன்னு சொன்னாரு.”

பழத்தை வாங்கிக்கொண்டேன். அவர் படியிறங்கியதும் அந்தப் பழைய ஒலிப்பதிவைத் தேடி எடுத்து, காதில் மாட்டிக்கொண்டு முதல் தடவையாகக் கேட்டேன்.

மழை இருந்தது. அவர் மனைவி கத்தியது, டவுன் ஆஸ்பத்திரிக்குப் பஸ் கிடைக்காதது, எல்லாம் இருந்தது. கீழே பஞ்சடிக்கும் சத்தம் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு இப்படிச் சொல்கிறார்:

“பெறவு, ஒரு காரியம் கேக்கணும். வாற அறுப்பின் பண்டிகைக்கு மொத மெசின சபைக்குக் குடுக்கேன்னு அவ நேந்திருக்கா. மொதப் பலன் கர்த்தருக்குல்லா? குடுக்கலாமா? கேசுக்குக் கொழப்பம் ஒண்ணும் வராதில்லியா?”

பேச்சு நின்றுவிடுகிறது. மின்விசிறி சுற்றுகிறது. பஞ்சடிக்கிறார்கள். அவர் காத்திருக்கிறார். மனிதனைவிட நன்றாகக் கேட்கும் ஒன்று பதில் சொல்வதற்காக, மரியாதையாக, நெடுநேரம் காத்திருக்கிறார்.

பிறகு, “அப்போ கொழப்பமில்ல” என்கிறார். “ரொம்ப சந்தோசம்.”

நான் அந்நேரம் பழம்பொரி தின்றுகொண்டிருந்தேன்.

மேடத்தின் அறைக்குப் போய்ச் சொன்னேன். நான் பூதப்பாண்டிப் பக்கத்துச் சைவக் குடும்பம். படத்தைப் பார்த்திருந்தும், அறுப்பின் பண்டிகை என்றால் ஏதோ நாலு சுவருக்குள் நடக்கிற பூஜை, தப்பிக்க வழி இருக்கும் என்று ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. மேடம் மிஷன் காலத்துச் சபைக் குடும்பம். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அறுப்பின் பண்டிகை ஏலமா? அண்ணாச்சி, அதுக்கு ஊரே வரும். வெளிநாட்டுல இருந்து லீவு போட்டு வருவாங்க. எங்க சபையில ஒரே கோழிய மூணு தடவ வித்திருக்கு. எடுத்தவன் திருப்பிக் குடுப்பான், மறுபடி ஏலம் போவும். கோழிக்கே தல சுத்தும்.” கொஞ்சம் நிறுத்தி, “இத அவரு நம்மகிட்ட முன்னாடியே சொல்லல்லியா?” என்றார்.

“சொன்னாரு. கேட்டாரு.”

“யாருட்ட?”

“போனுட்ட.”

“நீங்க எங்க போனீங்க?”

சொன்னேன். அவர் பேட்டன்ட் சட்டப் புத்தகத்தை எடுத்து விரித்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அரசு அறிவித்த கண்காட்சியில் வைத்ததற்குச் சலுகை உண்டு. அறுப்பின் பண்டிகை அந்தக் கணக்கில் வராது. இயந்திரத்திடம் கேட்டேன். சபையும் ஒரு வகையில் கண்காட்சியே என்று வாதிடலாம் என்று இரண்டு பக்கம் அழகாக எழுதியது. இது அபத்தம் என்றேன். ‘நீங்கள் சொல்வது முற்றிலும் சரி’ என்று உடனே ஒப்புக்கொண்டது. அன்று அந்தப் பாராட்டு எனக்கு இனிக்கவில்லை.

“பேசாம விட்டிருவோமா மேடம்? யாரு அந்தப் படத்தப் பாக்கப்போறா?” இதையும் நான்தான் கேட்டேன்.

“அந்த லேத்துக்காரரு பாத்தா போதும். நாளைக்கு ஆட்சேபம் போட்டாருன்னா, நம்மாளு கோர்ட்டு வாசல்ல நிப்பாரு. பொய்யும் சொல்லணும். வேண்டாம். வாங்கின பீஸத் திருப்பிக் குடுத்திருவோம். சனிக்கிழமை நீங்க போயி நேர்ல சொல்லுங்க. போன்ல இல்ல. நேர்ல.”

இயந்திரத்தை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. குடும்பம், சபை எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி நான் எழுதி வைத்த உத்தரவை மட்டும் அழித்தார். அதன் பிறகு சுருக்கம் எல்லாவற்றோடும் வருகிறது. மறுநாள் வந்த சிப்ஸ்காரருக்குப் பதினொரு பக்கம். அதில் ஒரு கண்புரை இருந்தது. இப்போது நான் கேட்கவும் வேண்டியிருக்கிறது, பிறகு வாசிக்கவும் வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை கீரிப்பாறை பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதில் எழுதித் திருத்திக்கொண்டு போனேன். வீட்டு முற்றத்தில் கயிறு கட்டி வெள்ளை ஷீட்டுகளைக் காயப் போட்டிருந்தார்கள். புளிப்பு வாடை. ஓரத்தில் இரண்டாவது இயந்திரம். அந்த அம்மாள் மிதியில் ஒரு காலை வைத்துக்கொண்டு ஷீட் அடித்துக்கொண்டிருந்தாள். “வாருங்க சாரே” என்றாள். கை நிற்கவில்லை. அவர் நாற்காலி கொண்டுவந்து போட்டு, தட்டில் பழம் வைத்தார்.

சொன்னேன். முதலில் விதியைச் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

“அப்போ அந்த லேத்துக்காரரு இத செய்யலாமா?”

“செய்யலாம்.”

“எனக்கிட்ட கேக்காண்டாமா?”

“வேண்டாம்.”

அவர் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “காயிதம் வராது.”

“வராது.”

“நான் கேட்டேனே சாரே. கேட்டுட்டுத்தானே குடுத்தேன்.”

இதற்கு நான் தயாரித்துக்கொண்டு போயிருந்த பதில் எதுவும் பொருந்தவில்லை. எனவே எல்லாவற்றையும் சொன்னேன். தவறு என்னுடையது என்று ஆரம்பித்து, சட்டம் எப்படி மனிதர்களைப் புரிந்துகொள்வதில்லை, இயந்திரம் எப்படிப்பட்ட உதவி, எப்படிப்பட்ட ஆபத்து, கேட்பது என்பது எவ்வளவு பெரிய கலை, இருபத்தைந்து ஆண்டு அனுபவமுள்ள ஒருவன் களைப்பில் என்ன ஆகிவிடுகிறான், என் கழுத்து வலி வரைக்கும் போய்விட்டேன் என்று நினைக்கிறேன். அவர் நடுநடுவே தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை எனக்கு நன்றாகத் தெரியும். என் கண்ணும் கொஞ்சம் கலங்கியிருந்தது. பேச்சு நன்றாக வந்துகொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

உருளைச் சத்தம் நின்றது. அந்த அம்மாள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து, அடித்து முடித்த ஷீட்டைக் கணவர் தோளில் போட்டாள்.

“சாரு சொன்னதுல வேண்டாததெல்லாம் களைஞ்சா, பேட்டன்டு இல்ல. அம்புட்டுத்தானே? நீரு எழும்பும். வெயிலு போவதுக்கு முன்ன இதக் காயப் போடணும்.”